முடிந்துபோன ஒரு என்.பி.ஏ. பருவத்தை முறையாகப் படிப்பது எப்படி: 2015-16 பருவத்தை முன்வைத்து

ஒரு கூடைப்பந்துப் பருவம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து அதைத் தேடிச் செல்பவருக்கு முதலில் கிடைப்பது அதன் முடிவுதான். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் 2015-16 பருவத்தைத் தேடினால் இரண்டே வரிகளில் விடை வந்துவிடும்: கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 82 ஆட்டங்களில் 73 ஆட்டங்களை வென்று இதுவரை எவரும் எட்டாத சாதனையைப் படைத்தது, ஆனால் கோப்பையை கிளீவ்லாண்ட் கவாலியர்ஸ் அணி கைப்பற்றியது. இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் ஏறத்தாழ எட்டு மாத கால ஆட்டம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் முடிவை மட்டும் அறிந்துகொண்டவர்கள் வாரியர்ஸ் அணி பதற்றத்தில் தோற்றது என்றோ, லெப்ரான் ஜேம்ஸ் தனியாளாகக் கோப்பையை வென்றார் என்றோ எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டுமே முழு உண்மை இல்லை என்பதை எண்களையும் ஆட்டங்களையும் வரிசையாகப் பார்க்கும் எவரும் தாமே கண்டுகொள்ளலாம்.

அப்படிப் பார்ப்பதற்கான வழியைத்தான் இங்கே விளக்குகிறேன். வெற்றி எண்ணிக்கையோடு மூன்று விவரங்களைச் சேர்த்துப் படித்தால்தான் ஒரு பருவம் விளங்கும் என்பது என் உறுதியான கருத்து: அணிகள் எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றன, நிகழ்வுகள் எந்த வரிசையில் நடந்தன, முக்கியமான நாள்களில் யார் களத்தில் இல்லை. இந்த மூன்றையும் ஒருங்கே கற்றுக்கொள்ள 2015-16 போலப் பொருத்தமான பருவம் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

தொடங்குவதற்கு முன்

ஒரு நோட்டுப் புத்தகமும் கணிப்பானும் இருந்தால் போதும். புள்ளிவிவரங்களுக்கு பாஸ்கெட்பால் ரெஃபரன்ஸ் இணையதளத்தைப் பயன்படுத்தலாம். ஒவ்வோர் ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரும் (ஆட்டக்காரர்வாரிப் புள்ளிவிவர அட்டவணை), ஒவ்வோர் அணியின் நாள்வாரிப் பட்டியலும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆட்டங்களின் சுருக்கக் காட்சிகளை என்.பி.ஏ.வின் யூடியூப் அலைவரிசையில் பார்க்கலாம்.

தேதிகளில் ஒரு சிறு கவனம் தேவை. அமெரிக்காவில் மாலையில் தொடங்கும் ஆட்டம் இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் காலையில்தான் தெரியும். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் ஓக்லண்ட் நகரில் 2016 ஜூன் 19, ஞாயிறு மாலை நடந்தது. நமக்கு அது ஜூன் 20, திங்கள் காலை. பழைய நாளிதழ்களையும் புள்ளிவிவரப் பக்கங்களையும் ஒப்பிடும்போது இந்த ஒரு நாள் வேறுபாடு குழப்பத்தை உண்டாக்கும். நோட்டில் அமெரிக்கத் தேதியை மட்டும் எழுதுவது என்று தொடக்கத்திலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். இந்தக் கட்டுரையிலும் அதையே பின்பற்றியிருக்கிறேன்.

பருவத்தின் அமைப்பைப் பொறுத்தவரை, 30 அணிகள் கிழக்கு, மேற்கு என இரண்டு பிரிவுகளாக நின்று ஆளுக்கு 82 ஆட்டங்கள் ஆடுகின்றன என்பதையும், அப்போது ஒவ்வொரு பிரிவிலும் முதல் எட்டு அணிகள் ப்ளே ஆஃப் சுற்றுகளுக்குச் சென்றன என்பதையும், அங்கே ஒவ்வொரு சுற்றிலும் நான்கு வெற்றிகளை முதலில் பெறும் அணியே முன்னேறும் என்பதையும் தெரிந்துவைத்திருந்தால் போதும். (ஏழாம், எட்டாம் இடங்களுக்கான தகுதி ஆட்டங்கள் பின்னாளில் வந்தவை, 2016-இல் அவை இல்லை.) வழக்கமான ஆட்டங்கள் 2015 அக்டோபர் 27 அன்று தொடங்கி 2016 ஏப்ரல் 13 அன்று முடிந்தன.

முந்தைய ஆண்டிலிருந்து ஒரே ஒரு செய்தியை நோட்டின் முதல் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 2015 இறுதிச் சுற்றிலும் இதே இரண்டு அணிகள்தான் மோதின; வாரியர்ஸ் 4-2 என்று வென்றது. ஆனால் கிளீவ்லாண்டின் கெவின் லவ் தோள் காயத்தால் அந்தச் சுற்றிலேயே ஆடவில்லை. கைரி இர்விங் முதல் ஆட்டத்தில் முழங்கால் சிப்பி உடைந்து வெளியேறினார். ஆகவே 2015-16 பருவம் தொடங்கியபோது கிளீவ்லாண்ட் மக்கள் தங்கள் அணி முழு வலிமையோடு மோதினால் என்னவாகும் என்ற விடை காணாத கேள்வியோடு காத்திருந்தார்கள்.

தரவரிசைப் பட்டியலை எப்படிப் படிப்பது

பலரும் வெற்றி, தோல்வி என்ற இரண்டு பத்திகளோடு நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் அதற்கு அடுத்து, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்த புள்ளிகளையும் எதிரணிக்குக் கொடுத்த புள்ளிகளையும் எழுதுங்கள். வாரியர்ஸ் 73 வெற்றி, 9 தோல்வி; சராசரியாக 114.9 புள்ளிகள் எடுத்து 104.1 கொடுத்தது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 67 வெற்றி, 15 தோல்வி, 103.5 எடுத்து 92.9 கொடுத்தது. கழித்துப் பாருங்கள்: ஓர் அணிக்கு 10.8, மற்றதற்கு 10.6. ஆறு வெற்றிகள் கூடுதலாகப் பெற்ற அணிக்கும் அடுத்த அணிக்கும் உள்ள உண்மையான இடைவெளி மிக மெல்லியது.

இதை இன்னும் ஒரு படி கொண்டுசெல்ல எளிய கணக்கு ஒன்று உண்டு. ஓர் அணி எடுத்த புள்ளிகளின் சராசரியை 14-ஆம் அடுக்குக்கு உயர்த்துங்கள். கொடுத்த புள்ளிகளின் சராசரியையும் அவ்வாறே உயர்த்துங்கள். முதல் எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து 82-ஆல் பெருக்கினால், அந்தப் புள்ளி வித்தியாசத்துக்கு வழக்கமாக எத்தனை வெற்றிகள் கிடைத்திருக்கும் என்பதற்கான மதிப்பீடு வரும். கூடைப்பந்துப் புள்ளியியலில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு இது. இதன்படி ஸ்பர்ஸுக்கு 67 வெற்றிகள் வருகின்றன. அந்த அணி உண்மையில் பெற்றதும் 67-தான். வாரியர்ஸுக்கு வருவது 65. அப்படியானால் 73-இல் ஏறத்தாழ எட்டு வெற்றிகள், கடைசி நிமிடங்கள் வரை எந்தப் பக்கமும் சாயக்கூடியதாக இருந்த ஆட்டங்களை அந்த அணி தொடர்ந்து தன்பக்கம் இழுத்துக்கொண்டதால் கிடைத்தவை.

அதை அதிர்ஷ்டம் என்று மட்டும் தள்ளிவிட நான் உடன்படமாட்டேன். ஸ்டெஃபன் கர்ரி, க்ளே தாம்சன், ஆண்ட்ரே இகுவோடாலா, ஹாரிசன் பார்ன்ஸ், ட்ரேமண்ட் கிரீன் ஆகிய ஐவரை ஒன்றாக இறக்கும் ‘டெத் லைன்அப்’ என்ற அமைப்பு வாரியர்ஸிடம் இருந்தது. உயரமான நடு ஆட்டக்காரர் இல்லாத அந்த ஐவரும் தடுப்பாட்டத்தில் ஒருவருக்கொருவர் ஆளை மாற்றிக்கொள்ளக் கூடியவர்கள். தாக்குதலில் எல்லோரும் வளையத்திலிருந்து தள்ளி நின்று எறியக் கூடியவர்கள். நெருக்கடியான கடைசி நிமிடங்களில் அந்த அமைப்பு எதிரணிகளைத் திணறடித்தது. ஆயினும் நெருக்கமான ஆட்டங்களை வென்று சேர்த்த எண்ணிக்கை ஏழு ஆட்டத் தொடர் ஒன்றில் அப்படியே துணைக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. இதே காரணத்தால் 1995-96 பருவத்தில் 72 வெற்றிகள் பெற்ற சிகாகோ புல்ஸ் அணியின் சராசரி வித்தியாசம் 12.2 என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். அந்த அணியில் ஆட்டக்காரராக இருந்த ஸ்டீவ் கெர்தான் 2015-16 வாரியர்ஸின் பயிற்சியாளர்.

பட்டியலில் இன்னும் இரண்டு அணிகளுக்கு இதே கணக்கைச் செய்ய வேண்டும். ஓக்லஹோமா சிட்டி தண்டர் 55 வெற்றிகளோடு 7.3 புள்ளி வித்தியாசம்; கிளீவ்லாண்ட் 57 வெற்றிகளோடு 6.0. வெற்றிகளில் பின்தங்கியிருந்த தண்டர் அணி வித்தியாசத்தில் முன்னே நிற்கிறது. கெவின் டுரான்ட்டும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கும் இருந்த அந்த அணி ப்ளே ஆஃபில் ஸ்பர்ஸை 4-2 என்று வெளியேற்றியதும், பிறகு வாரியர்ஸுக்கு எதிராக 3-1 என்று முன்னிலை பெற்றதும் இந்த எண்ணை முன்பே பார்த்தவருக்கு அவ்வளவாக வியப்பளிக்காது.

நாள்வாரியாகச் செல்லுதல்

அடுத்து வாரியர்ஸின் நாள்வாரிப் பட்டியலை எடுங்கள். முதல் 24 ஆட்டங்களும் வெற்றி. அதற்கு முன் ஒரு பருவத்தின் தொடக்கத்தில் எந்த அணியும் 15 ஆட்டங்களுக்கு மேல் தொடர்ந்து வென்றதில்லை. முதல் தோல்வி டிசம்பர் 12 அன்று மில்வாக்கி பக்ஸிடம், 95-108. இங்கே நின்று, தோல்விக்கு முந்தைய வரியைப் பாருங்கள்: முந்தைய இரவுதான் பாஸ்டனில் இரண்டு கூடுதல் நேரப் பகுதிகள் ஆடி 124-119 என்று வென்றிருந்தார்கள், மில்வாக்கி ஆட்டம் தொடர்ச்சியான ஏழு வெளியூர் ஆட்டங்களில் கடைசி ஆட்டம். ஒரு தோல்வியைக் கண்டால் முதலில் அதற்கு முன்பு எத்தனை நாள் ஓய்வு இருந்தது, அணி எங்கிருந்து பயணம் செய்து வந்தது என்பதைப் பார்க்கும் பழக்கத்தை இந்த ஒரே எடுத்துக்காட்டு கற்றுத்தரும்.

அந்த 24 வெற்றிகளின்போது கெர் பயிற்சியாளர் இருக்கையில் இல்லை. முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கல்களால் அவர் விடுப்பில் இருக்க, துணைப் பயிற்சியாளர் லூக் வால்டன் முதல் 43 ஆட்டங்களை நடத்தி 39-ஐ வென்றுகொடுத்தார். விதிப்படி அந்த வெற்றிகள் அனைத்தும் கெரின் கணக்கிலேயே சேர்ந்தன. ஆகவே பயிற்சியாளர் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு வால்டனின் உழைப்பு கண்ணில் படாது. நோட்டில் ‘பட்டியலில் தெரியாதவை’ என்று ஒரு பக்கத்தை ஒதுக்கினால் இத்தகைய விவரங்களுக்கு இடம் கிடைக்கும்.

கெர் திரும்பியது 2016 ஜனவரி 22. அதே நாளில் கிளீவ்லாண்ட் தன் பயிற்சியாளர் டேவிட் பிளாட்டை நீக்கியது. அப்போது அந்த அணி 30 வெற்றி, 11 தோல்வியுடன் கிழக்குப் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. முதலிடத்தில் இருக்கும் அணி பயிற்சியாளரை ஏன் நீக்க வேண்டும் என்று பட்டியலைப் பார்த்துக் கேட்டால் விடை கிடைக்காது. வரிசையைப் பார்த்தால் ஒரு பகுதி கிடைக்கும். கிறிஸ்துமஸ் அன்று வாரியர்ஸிடம் 83-89 என்று தோற்றவர்கள், ஜனவரி 18 அன்று தங்கள் சொந்த அரங்கில் அதே அணியிடம் 98-132 என்று நொறுங்கினார்கள். நான்கு நாளில் பிளாட் போனார். துணைப் பயிற்சியாளர் டைரன் லூ பொறுப்பேற்றார். லூவின் கீழ் மீதமிருந்த 41 ஆட்டங்களில் 27 வெற்றி, 14 தோல்வி. வழக்கமான பருவக் கணக்கில் இது பிளாட்டைவிடக் குறைவுதான். ஆனால் முதல் இரண்டு ப்ளே ஆஃப் சுற்றுகளில் டெட்ராய்ட்டையும் அட்லான்டாவையும் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் கடந்தார்கள்.

வசந்த காலத்தில் குறிக்க வேண்டிய வரிகள் சில உண்டு. மார்ச் 6 அன்று, மேற்குப் பிரிவுப் பட்டியலின் அடியில் கிடந்த லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸிடம் வாரியர்ஸ் 95-112 என்று தோற்றது. ஏப்ரல் 1 அன்று பாஸ்டன் 109-106 என்று வென்று, முந்தைய பருவத்திலிருந்து தொடர்ந்துவந்த 54 சொந்த அரங்கு வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஏப்ரல் 10 அன்று சான் அன்டோனியோவில் 92-86 என்று வாரியர்ஸ் பெற்ற வெற்றி அதன் 72-ஆவது. சொந்த அரங்கில் 41 ஆட்டங்கள் ஆடிய ஸ்பர்ஸுக்கு அந்தப் பருவத்தில் நேர்ந்த ஒரே தோல்வியும் அதுதான். சாதனையைத் துரத்தாமல் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்திருக்க வேண்டும் என்ற வாதம் பின்னாளில் எழுந்தது. அந்த வாதத்தை ஏற்பதற்கு முன், வாரியர்ஸ் வழக்கமான பருவம் முழுவதிலும் இரண்டு ஆட்டங்களைத் தொடர்ச்சியாகத் தோற்றதே இல்லை என்ற வரியையும் நோட்டில் எழுதிவைத்துவிட்டு யோசியுங்கள்.

ஒரே இரவின் இரண்டு பாக்ஸ் ஸ்கோர்கள்

பாக்ஸ் ஸ்கோரைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஏப்ரல் 13, 2016 என்ற ஒரு நாள் போதும். அன்றிரவு ஓக்லண்டில் வாரியர்ஸ் மெம்ஃபிஸை 125-104 என்று வென்று 73-ஐ எட்டியது. கர்ரி 46 புள்ளிகள் எடுத்தார். அதே இரவில் லாஸ் ஏஞ்சலஸில் கோபி பிரையன்ட் தன் இருபதாண்டு வாழ்வின் கடைசி ஆட்டத்தில் யூட்டாவுக்கு எதிராக 60 புள்ளிகள் எடுத்தார். லேக்கர்ஸ் 101-96 என்று வென்றது.

முதலில் பிரையன்ட்டின் வரியைக் கூட்டிச் சரிபாருங்கள். 50 எறிதல்களில் 22 கூடைகள். அவற்றில் 6, தொலைவிலிருந்து எறிந்த மூன்று புள்ளிக் கூடைகள். 12 ஃப்ரீ த்ரோக்களில் (ஃபவுலுக்குத் தண்டனையாகத் தரப்படும், தடுப்பில்லாத ஒரு புள்ளி எறிதல்கள்) 10. மூன்று புள்ளிக் கூடைகள் 18 புள்ளிகள், மீதி 16 கூடைகள் 32 புள்ளிகள், ஃப்ரீ த்ரோ 10 புள்ளிகள், மொத்தம் 60. இப்படிக் கையால் கூட்டிப் பார்ப்பது வீண்வேலை போலத் தோன்றலாம்; ஆனால் ஒருவருடைய புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்பது இதைவிட விரைவாக வேறு எதனாலும் மனத்தில் பதியாது.

அடுத்தது திறனை அளப்பது. எடுத்த புள்ளிகளை, எறிதல்களோடு ஃப்ரீ த்ரோக்களின் 0.44 மடங்கைக் கூட்டி இரண்டால் பெருக்கிய எண்ணால் வகுங்கள். பிரையன்ட்டுக்கு 50-உம் 5.28-உம் சேர்ந்து 55.28, இரு மடங்கு 110.56, 60-ஐ அதனால் வகுத்தால் 54 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இதையே கர்ரியின் முழுப் பருவத்துக்குச் செய்யுங்கள்: 1598 எறிதல்களில் 805 கூடைகள், அவற்றில் 402 மூன்று புள்ளிக் கூடைகள், 400 ஃப்ரீ த்ரோக்களில் 363, மொத்தம் 2375 புள்ளிகள். விடை ஏறத்தாழ 67 விழுக்காடு. சராசரியாக ஆட்டத்துக்கு 30.1 புள்ளிகள் எடுத்து பட்டியலில் முதலிடம் பெற்ற ஒருவர், அவ்வளவு அதிகமாக எறிந்தும் இந்த அளவு திறனைக் காத்தது அதுவரை கண்டிராத செயல். முந்தைய பருவத்தில் அவரே படைத்திருந்த 286 என்ற மூன்று புள்ளிச் சாதனையை 402-க்கு உயர்த்தினார். மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு வாக்களித்த 131 பேரும் அவருக்கே முதலிடம் தந்தார்கள். அந்த விருது ஒருமனதாக வழங்கப்பட்டது அதுவே முதல் முறை.

இந்த ஒப்பீட்டால் பிரையன்ட்டின் இரவு சிறுத்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. 17 வெற்றி, 65 தோல்வி என்று தன் வரலாற்றிலேயே மோசமான பருவத்தை முடித்த அணிக்காக, 37 வயதில், கடைசிக் கால்பகுதியில் மட்டும் 23 புள்ளிகள் எடுத்து, பின்தங்கியிருந்த ஆட்டத்தை வென்று விடைபெற்றதை விழுக்காட்டுக் கணக்கு சொல்லாது. அந்தக் கால்பகுதியை முழுமையாகப் பாருங்கள்.

முழுதாகப் பார்க்க வேண்டிய ஆட்டங்கள்

1230 வழக்கமான ஆட்டங்களையும் யாராலும் பார்த்துவிட முடியாது, பார்க்கத் தேவையுமில்லை. சில ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு முறை பார்ப்பதே நல்ல வழி. முதல் முறை பந்தைத் தொடர்ந்து பாருங்கள். இரண்டாம் முறை வர்ணனையின் ஒலியைக் குறைத்துவிட்டு, பந்து இல்லாதவர்களை மட்டும் பாருங்கள்.

பிப்ரவரி 27 அன்று ஓக்லஹோமா சிட்டியில் நடந்த ஆட்டத்தில் தொடங்கலாம். கர்ரி 12 மூன்று புள்ளிக் கூடைகளோடு 46 புள்ளிகள் எடுத்தார். ஒரே ஆட்டத்தில் 12 என்பது அன்றைய சாதனையைச் சமன்செய்தது. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் நடுக்கோட்டைத் தாண்டிய சில அடிகளிலேயே எறிந்து 121-118 என்று முடித்துவைத்தார். அந்த எறிதலை மட்டும் பார்த்தவர்கள் ஏராளம். ஆட்டத்தின் நடுவில் கணுக்கால் பிசகி வெளியே போய்த் திரும்பியதையும், டுரான்ட் ஆறு ஃபவுல்களோடு கூடுதல் நேரத்தில் வெளியேறியதையும் சேர்த்துப் பார்த்தால்தான், இந்த இரண்டு அணிகளும் மே மாதம் மீண்டும் சந்தித்தபோது ஏன் அவ்வளவு நெருக்கம் இருந்தது என்பது புரியும்.

மே மாதத் தொடரை ஆட்டவாரியாக எழுதுங்கள்: 102-108, 118-91, 105-133, 94-118, 120-111, 108-101, 96-88. முதல் எண் வாரியர்ஸுக்கு. கூட்டினால் வாரியர்ஸ் 743, தண்டர் 750. மொத்தப் புள்ளிகளில் பின்தங்கியவர்கள்தான் தொடரை 4-3 என்று வென்றார்கள். ஆறாவது ஆட்டத்தைக் கட்டாயம் முழுதாகப் பார்க்க வேண்டும். எதிரணியின் அரங்கில், எட்டுப் புள்ளிகள் பின்தங்கிக் கடைசிக் கால்பகுதிக்குள் நுழைந்த வாரியர்ஸை, 11 மூன்று புள்ளிக் கூடைகளோடு 41 புள்ளிகள் எடுத்த தாம்சன் மீட்டார். இரண்டாம் முறை பார்க்கும்போது தாம்சன் பந்தைப் பெறுவதற்கு முன் எப்படி ஓடி, யாருடைய ஸ்கிரீனுக்குப் (தடுப்பாளரின் வழியை மறித்து நிற்பது) பின்னால் மறைந்து வெளிப்படுகிறார் என்பதைக் கவனியுங்கள். பந்து அவர் கையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு.

யார் இல்லை என்ற கணக்கு

இனி, நோட்டில் தனிப் பக்கம் ஒன்றை எடுத்து, ப்ளே ஆஃப் தொடங்கியதிலிருந்து யார் எந்த நாள் ஆடவில்லை, ஏன் ஆடவில்லை என்று எழுதுங்கள். கர்ரி ஹூஸ்டனுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் கணுக்காலிலும், நான்காவது ஆட்டத்தில் முழங்காலிலும் அடிபட்டு, அடுத்த சுற்றில் போர்ட்லண்டுக்கு எதிரான நான்காவது ஆட்டத்தில்தான் திரும்பினார். அந்த இரவில் 40 புள்ளிகள் எடுத்தார். கூடுதல் நேரத்தில் மட்டும் 17. அதைப் பார்த்தவர்கள் அவர் முழுமையாகக் குணமடைந்துவிட்டார் என்றே நினைத்திருப்பார்கள்.

ட்ரேமண்ட் கிரீனின் கதையைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். ஃப்ளேக்ரன்ட் ஃபவுல் என்ற கடுமையான ஃபவுலுக்குத் தரத்தைப் பொறுத்து ஒன்று அல்லது இரண்டு தண்டனைப் புள்ளிகள் சேரும். ஒரே ப்ளே ஆஃபில் நான்கு சேர்ந்தால் ஓர் ஆட்டத் தடை. ஹூஸ்டன் தொடரில் மைக்கேல் பீஸ்லியைக் கீழே தள்ளியதற்கு ஒரு புள்ளி. ஓக்லஹோமா சிட்டி தொடரில் ஸ்டீவன் ஆடம்ஸை உதைத்ததற்கு இரண்டு. இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில் லெப்ரானோடு மோதியதற்கு, ஆட்டம் முடிந்தபின் செய்த ஆய்வில் இன்னொன்று. வாரியர்ஸ் 3-1 என்று முன்னிலை பெற்றிருந்த நேரத்தில், கோப்பையை வெல்லக்கூடிய ஐந்தாவது ஆட்டத்தில் கிரீன் ஆட முடியாமல் போனது. அதற்கான முதல் புள்ளி ஏறத்தாழ ஏழு வாரங்களுக்கு முன்பே, வெற்றி உறுதியாகிக்கொண்டிருந்த ஒரு முதல் சுற்றில் விழுந்துவிட்டது. சுருக்கக் காட்சிகளில் இந்தச் சங்கிலி தெரியாது.

அதே ஐந்தாவது ஆட்டத்தில் நடு ஆட்டக்காரர் ஆண்ட்ரூ போகட் முழங்காலில் காயமடைந்து, மீதித் தொடரை இழந்தார். ஆறாவது ஆட்டத்தில் இகுவோடாலா முதுகு வலியோடு ஆடினார். பார்ன்ஸ் காயமின்றி இருந்தும் கடைசி மூன்று ஆட்டங்களில் 32 முறை எறிந்து ஐந்தே கூடைகள் போட்டார். கடைசி நிமிடங்களின் வெற்றி ஆயுதமாக இருந்த ஐவரையும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எனினும் இதை கிளீவ்லாண்டின் வெற்றியைக் குறைத்துச் சொல்லும் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பக்கமும் எழுத வேண்டும்: கெவின் லவ் இரண்டாவது ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மூன்றாவதை இழந்தார், ஓராண்டுக்கு முன் இரண்டு நட்சத்திரங்கள் இன்றி இதே அணியிடம் தோற்றவர்கள் அவர்கள். ஐந்தாவது ஆட்டத்தில் லெப்ரானும் இர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளிகள் எடுத்தார்கள். ஓர் இறுதிச் சுற்று ஆட்டத்தில் ஒரே அணியின் இருவர் 40-ஐத் தாண்டியது அதற்கு முன் நடந்ததில்லை. கிரீன் இல்லாதது வாசலைத் திறந்தது என்றால், அதற்குள் நுழைந்து செல்வதற்கு அத்தகைய ஆட்டம் தேவைப்பட்டது.

ஏழாவது ஆட்டம்

பார்ப்பதற்கு முன் ஒரு கூட்டல். வாரியர்ஸின் முதல் ஆறு ஆட்டப் புள்ளிகள்: 104, 110, 90, 108, 97, 101. கிளீவ்லாண்டின் புள்ளிகள்: 89, 77, 120, 97, 112, 115. இரண்டும் 610. 3-1 என்ற நிலையிலிருந்து அதற்கு முன் இறுதிச் சுற்றில் 32 அணிகள் முயன்று ஒன்றுகூட மீண்டதில்லை. இவர்கள் 3-3 என்று சமன்செய்து, புள்ளிகளிலும் சமமாக நின்று ஏழாவது ஆட்டத்துக்கு வந்தார்கள்.

இடைவேளையில் வாரியர்ஸ் 49-42. மூன்றாம் கால்பகுதி முடிவில் 76-75. கடைசிக் கால்பகுதியில் இன்னும் நான்கரை நிமிடத்துக்குச் சற்று மேல் இருக்கையில் 89-89. அந்த இடத்தில் காணொளியை நிறுத்தி, தொடரின் கூட்டுத்தொகையை மீண்டும் எழுதுங்கள்: 699, 699. அதன்பின் வாரியர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

எஞ்சிய நிமிடங்களை மூன்று துண்டுகளாகப் பார்க்கலாம். முதல் துண்டு, ஒரு நிமிடம் 50 நொடி மீதமிருக்கும்போது இகுவோடாலா தனியாக ஓடிச் சென்று போட முயன்ற பந்தை லெப்ரான் பின்னாலிருந்து பாய்ந்து பலகையில் அறைந்தது. எல்லோர் பார்வையும் லெப்ரான்மீது இருக்கும். இரண்டாம் முறை கிளீவ்லாண்டின் ஜே.ஆர். ஸ்மித்தைப் பாருங்கள். அவர் முன்னால் குறுக்கிட்டதால் இகுவோடாலா காற்றிலேயே பந்தை ஒரு கணம் தாமதிக்க நேர்ந்தது. அந்தக் கணம்தான் லெப்ரானுக்குக் கிடைத்த அவகாசம். இரண்டாவது, 53 நொடிகள் இருக்கையில் இர்விங் எறிந்த மூன்று புள்ளி. எறிதலுக்கு முன் ஸ்மித் போடும் ஸ்கிரீனைக் கவனியுங்கள்: இர்விங்கைக் காத்துக்கொண்டிருந்த தாம்சன் விலகி, கர்ரி அவர்முன் வர நேர்கிறது. கிளீவ்லாண்ட் தொடர் முழுவதும் இதைத்தான் தேடித் தேடிச் செய்தது. மூன்றாவது, மறுமுனையில் கர்ரியை உயரமான கெவின் லவ் தனியாக நின்று தடுத்தது. பருவம் முழுவதும் அவரைவிடத் திறமையான தடுப்பாளர்களை எளிதில் கடந்த கர்ரியால் அன்று லவ்வைக் கடந்து தெளிவான எறிதல் ஒன்றை உருவாக்க முடியவில்லை.

கடைசியில் லெப்ரானின் ஒரு ஃப்ரீ த்ரோவோடு 93-89. லெப்ரான் 27 புள்ளிகள், 11 ரீபவுண்ட் (தவறிய எறிதலின் பந்தைப் பிடிப்பது), 11 அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுக்கும் பந்து கடத்தல்). தோற்ற அணியின் பாக்ஸ் ஸ்கோரையும் படியுங்கள்: கிரீன் 32 புள்ளிகள், 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட், கர்ரி 19 எறிதல்களில் 6 கூடைகள், 17 புள்ளிகள். தொடர் முழுவதையும் கூட்டினால், இரண்டு அணிகளிலுமாகப் புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல் (பந்தைப் பறிப்பது), பிளாக் (எறிதலைத் தடுப்பது) ஆகிய ஐந்திலும் லெப்ரானே முதலிடம். கிளீவ்லாண்ட் நகரத்தின் பெரிய அணி ஒன்று 1964-க்குப் பிறகு வென்ற முதல் கோப்பை அது.

பட்டியலின் அடிப்பகுதியும் அதற்கடுத்த கோடையும்

கடைசி இடத்தில் இருந்த ஃபிலடெல்ஃபியா 76-அர்ஸ் அணிக்கும் ஓர் அரைப் பக்கம் கொடுங்கள். 10 வெற்றி, 72 தோல்வி; முதல் 18 ஆட்டங்களும் தோல்வி. டிராஃப்ட் எனும் புதிய ஆட்டக்காரர் தேர்வில் உயர்ந்த இடங்களைச் சேர்ப்பதற்காகப் பல ஆண்டுகள் தோல்வியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற திட்டத்தை நடத்திய பொது மேலாளர் சாம் ஹிங்கி அந்த ஏப்ரலில் பதவி விலகினார். இந்திய வாசகர்களுக்கு இன்னொரு சிறு குறிப்பு: 2015 டிராஃப்டில் 52-ஆவதாக டல்லாஸ் மாவெரிக்ஸ் தேர்ந்தெடுத்த, பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங், அந்தப் பருவத்தை என்.பி.ஏ.வின் வளர்ச்சிக் குழுத் தொடரில் டெக்சாஸ் லெஜண்ட்ஸ் அணியில் கழித்தார்.

ஜூன் 19-உடன் நோட்டை மூடிவிடாதீர்கள். தொலைக்காட்சி நிறுவனங்களோடு செய்த புதிய ஒப்பந்தத்தால் ஒவ்வோர் அணியும் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பள வரம்பு 7 கோடி டாலரிலிருந்து ஒரே ஆண்டில் 9.4 கோடி டாலருக்கு உயர்ந்தது. கடைசி மூன்று ஆட்டங்களில் தடுமாறிய பார்ன்ஸும், காயமடைந்த போகட்டும் டல்லாஸுக்குச் சென்றார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில், கூடுதலாகக் கிடைத்த அந்த வரம்பைப் பயன்படுத்தி, மே மாதம் தங்களை வெளியேற்றும் விளிம்புவரை கொண்டுபோன டுரான்ட்டை வாரியர்ஸ் சேர்த்துக்கொண்டது. டுரான்ட் அதை அறிவித்த நாள் 2016 ஜூலை 4. ஒரு வாரம் கழித்து ஸ்பர்ஸின் மூத்த ஆட்டக்காரர் டிம் டங்கன் ஓய்வை அறிவித்தார். அவருடைய கடைசி ஆட்டம், தண்டர் அணி ஸ்பர்ஸை வெளியேற்றிய மே 12-ஆம் தேதி ஆட்டம். அதில் அவர் எடுத்தது 19 புள்ளிகள். அந்த வரியையும் எழுதிய பிறகு 2016-17 பருவத்துக்கான பக்கத்தைத் தொடங்கலாம்.